580-ல டிரக் ஏன் வராது?

அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல இருக்குற ஓக்லண்ட் பக்கம் வண்டி ஓட்டுற நம்ம ஆளுங்க பல பேருக்கு 880-ஐ விட 580 ஃப்ரீவேதான் பிடிக்கும். மரம், மலை, ரோடும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும். அந்த நிம்மதி சும்மா வரல. ஓக்லண்ட் ஊருக்குள்ள போற 580-ல நாலரை டன்னுக்கு மேல இருக்குற டிரக் வரவே கூடாது, 1960கள்ல இருந்து அப்படித்தான். சரி, அங்க போகாத டிரக் எங்க போகும்? கீழ 880-லதான் போகும். மலைப்பக்கம் வசதியானவங்க வீடு, கீழ்ப்பக்கம் கறுப்பின மக்களும் லத்தீன் குடும்பங்களும். யாரு போட்ட கணக்கோ, புகை மொத்தமும் கீழ இருக்குறவங்களுக்குன்னு ஆயிடுச்சு.

அதுலயும் வெஸ்ட் ஓக்லண்ட் நிலைமை ரொம்ப மோசம். மூணு பக்கமும் ஃப்ரீவே, பக்கத்துலயே போர்ட் (துறைமுகம்), ரயில்வே யார்டு. 1989 பூகம்பத்துல சைப்ரஸ்னு ரெண்டு அடுக்கு ஃப்ரீவே ஒண்ணு இடிஞ்சு 42 பேர் செத்தாங்க, அது இந்த ஏரியாவோட நெஞ்சுக்கு நடுவுல போன ரோடு. திரும்ப அதே இடத்துல கட்டலாம்னு பேச்சு வந்தப்ப அங்க இருக்குறவங்க விடவே இல்ல, சண்டை போட்டு ரோட்டை வீடுங்கள விட்டு தள்ளி ரயில் யார்டு பக்கமா போக வச்சாங்க. பழைய ரோடு இருந்த இடம் இப்ப மண்டேலா பார்க்வே.

இதை ஏன் சொல்றேன்னா, "அரசாங்கமும் மக்களும் கைகோத்து காத்தை சுத்தம் பண்ணாங்க"ன்னு செய்தி வரும்போது ஏதோ ஆஃபீசர் ஒருத்தர் நல்ல மனசோட வந்து மீட்டிங் போட்டார்ங்கிற மாதிரியே எழுதுவாங்க. இங்க நடந்தது அப்படி இல்ல. முதல்ல மக்கள் எண்ண ஆரம்பிச்சாங்க, நிஜமாவே தெருமுனையில நின்னு எத்தனை டிரக் போகுது, எத்தனை டிரக் இன்ஜினை ஆஃப் பண்ணாம சும்மா நிக்குதுன்னு எண்ணுனாங்க. 2000களோட தொடக்கத்துல பசிஃபிக் இன்ஸ்டிட்யூட்ங்கிற ஆய்வு நிறுவனத்தோட சேந்து பண்ண வேலை அது. மார்கரெட் கார்டன், பிரையன் பெவரிட்ஜ்னு ரெண்டு பேர் இதுல முன்னாடி நின்னாங்க. கொஞ்ச நாள்ல அது வெஸ்ட் ஓக்லண்ட் என்விரான்மெண்டல் இண்டிகேட்டர்ஸ் ப்ராஜெக்ட்னு தனி அமைப்பாவே ஆச்சு. அமெரிக்க மத்திய அரசோட சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ பேச வந்தப்பவும் தலைமை நாற்காலியில பாதி ஏரியாக்காரங்களுக்குத்தான். மார்கரெட் கார்டனை 2007-ல அப்போதைய மேயர் போர்ட் கமிஷனர்களில் ஒருத்தராவே போட்டார். போர்ட்டை எதிர்த்து கேள்வி கேட்டவங்க போர்ட்டோட நிர்வாகக் குழுவுக்குள்ளயே உக்காந்தாங்க!

2008-ல காத்து மாசைக் கவனிக்கிற மாநில அரசு அமைப்பான ஏர் போர்டு ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. வெஸ்ட் ஓக்லண்ட்காரங்க சுவாசிக்கிற டீசல் புகை பே ஏரியா (சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லண்ட் எல்லாம் சேந்த பகுதி) சராசரியை விட சுமாரா மூணு மடங்கு, அதுல வர்ற கேன்சர் ரிஸ்க்ல பெரும்பங்கு டிரக்கால. தெருமுனையில நின்னவங்களுக்கு தெரிஞ்ச விஷயம்தான், ஆனா அரசு பேப்பர்ல வந்தா அதுக்கு இருக்குற வெயிட்டே வேற.

அப்புறம் போர்ட் டிரக்குக்கெல்லாம் ஃபில்டர் மாட்டணும், ரொம்ப பழசா இருந்தா மாத்தணும்னு ரூல் வந்துச்சு. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-லயும் 2013-லயும் ரோட்டுல போற டிரக்கோட புகையை அளந்து பாத்தாங்க. ஒரு டிரக் விடுற கரும்புகை சராசரியா 76% குறைஞ்சிருந்துச்சு, நைட்ரஜன் ஆக்சைடு 53%. நாலு வருஷத்துல இது பெரிய விஷயம். ஆனா இதுக்கு பில் கட்டுனது யாரு? போர்ட் டிரக் ஓட்டுறவங்கள்ல நிறைய பேர் சொந்த வண்டி வச்சிருக்குற, வேற நாட்டுல இருந்து பொழைக்க வந்த ஏழைங்க. மானியம் எல்லாருக்கும் கிடைக்கல. கடன் வாங்கி ஃபில்டர் மாட்டுனவங்களும் உண்டு, வண்டியை ஓரங்கட்டுனவங்களும் உண்டு. அந்த சரக்கை இறக்குன பெரிய கம்பெனிங்க ஏன் இந்த செலவை ஏத்துக்கலன்னு எனக்கு இன்னும் கோவம் வருது. புகை குறைஞ்சதுல சந்தோஷம்தான், ஆனா சுமையை ஒரு ஏழைகிட்ட இருந்து இன்னொரு ஏழை தலைக்கு மாத்தி வச்ச மாதிரிதான் எனக்கு படுது.

அடுத்தது சென்சார் கதை. ஊருக்கு ஒண்ணு ரெண்டு அரசு மானிட்டர் வச்சா சராசரிதான் கிடைக்கும், உன் வீட்டு வாசல்ல என்ன காத்துன்னு தெரியாது. 2015, 2016-ல கூகுள் ஸ்ட்ரீட் வியூ கார்ல அக்லிமா கம்பெனியோட கருவியை மாட்டி ஓக்லண்ட் தெருவெல்லாம் ஒரு வருஷம் சுத்த விட்டாங்க, ஒரே பிளாக்குக்குள்ளயே சில இடத்துல பல மடங்கு வித்தியாசம். 2017-ல நூறு சின்ன சென்சார் வெஸ்ட் ஓக்லண்ட் முழுக்க வச்சப்ப நிறைய வீட்டுக்காரங்களே தங்களோட இடத்துல வச்சுக்கிட்டாங்க.

அதே 2017-லதான் கலிஃபோர்னியால ஏபி 617-ங்கிற சட்டம் வந்துச்சு, புகை அதிகமா தாக்குற ஏரியாவுக்கு அந்த மக்களோட சேந்து திட்டம் போடணும்னு. வெஸ்ட் ஓக்லண்ட் முதல் பட்டியல்லயே இருந்துச்சு. இதுல பே ஏரியாவோட காத்து மாசைக் கவனிக்கிற ஏர் டிஸ்ட்ரிக்டும் மக்கள் அமைப்பும் சரிக்கு சமமா தலைமை. இது ஏன் முக்கியம்னா, ஏர் டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஃபேக்டரி மேலதான் அதிகாரம், ஓடுற டிரக்குக்கு மாநில ஏர் போர்டு, எந்த இடத்துல குடோன் வரலாம்னு சொல்றது சிட்டி, போர்ட்டுக்கு தனி நிர்வாகக் குழு. நம்ம ஊர் தாலுகா ஆஃபீஸ் மாதிரியே, இந்த ஜன்னல் இல்ல அந்த ஜன்னல். எல்லாரையும் ஒரே மேஜையில உக்கார வச்சதுதான் பெரிய வேலை.

ஓக்லண்டுக்கு வடக்க இருக்குற கான்ட்ரா கோஸ்டா கவுண்டிக்கும் நம்ம கடலூருக்கும் ஒரு தொடர்பு இருக்கு. ரிஃபைனரி பக்கத்துல இருந்தவங்களுக்காக 1990கள் நடுவுல, எட்வர்ட் மாஸ்ரிங்கிற வக்கீல் ஏற்பாட்டுல, பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள்ள பை வச்சு காத்தை பிடிக்கிற ஒரு எளிய கருவி பண்ணாங்க. அதே பக்கெட் 2004 வாக்குல கடலூர் சிப்காட் கிராமங்களுக்கு வந்துச்சு. அங்க இருக்குறவங்க எந்த நேரத்துல என்ன நாத்தம்னு நோட்டுல எழுதி, காத்தை பிடிச்சு லேபுக்கு அனுப்புனாங்க, கேன்சர் வர வைக்கிற கெமிக்கல்லாம் அதுல இருந்துச்சு. அளக்குற வேலையில கடலூர்க்காரங்க யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல. தலைமை நாற்காலியில பாதிதான் கிடைக்கல. 2023 டிசம்பர்ல எண்ணூர்ல அமோனியா கசிஞ்ச ராத்திரி பெரியகுப்பம் சின்னகுப்பம் ஜனங்க வீட்டை விட்டு ஓடுனாங்களே, அங்கயும் இதே கதைதான்.

பார்ட்னர் ஆயிட்டா வாயை மூடிக்கணும்னு யாராவது நினைச்சா வெஸ்ட் ஓக்லண்டை பாருங்க. ஏபி 617 வந்த அதே 2017-ல அந்த அமைப்பு ஓக்லண்ட் சிட்டி மேலயும் போர்ட் மேலயும் சிவில் ரைட்ஸ் புகார் குடுத்துச்சு, போர்ட் விரிவாக்கத்துல எங்களை பாகுபாடா நடத்துறாங்கன்னு. 2019-ல அதுக்கு ஒப்பந்தம் ஆச்சு. அந்த வருஷமே அக்டோபர்ல ஏர் டிஸ்ட்ரிக்டோட சேந்து போட்ட திட்டமும் பாஸ் ஆச்சு, அதுல சிட்டியும் போர்ட்டும் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு.