வீட்டிலிருந்து வகுப்புக்கு வரும் கேள்விகள்

பயிற்சி ஆசிரியர்கள் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது பல வருடங்களாக என் வேலை. பாடக்குறிப்பு, கரும்பலகை, குரல், நேரம் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடக் கட்டம் இருக்கிறது. எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒன்றைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கேள்வி கேட்டதும் வகுப்பு பேசாமல் இருந்தால் இவர் என்ன செய்கிறார்?

சிலர் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். சிலர் அதே கேள்வியைக் குரல் உயர்த்தித் திரும்பக் கேட்பார்கள். அசையாமல் நிற்பவர்கள் குறைவு. பாடம் முடிந்து பேச உட்காரும்போது, "உங்க வீட்ல யாராவது பேசாம இருந்தா என்ன அர்த்தம்?" என்று கேட்பேன். முதலில் சிரிப்பார்கள். "கோபமா இருக்காங்கன்னு அர்த்தம், மேடம். யாராவது சமாதானம் பண்ணணும்" என்றார் ஒரு பெண். அவர் வகுப்பில் ஏன் இடைவெளியே விடுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒரே வகுப்புக்கு அடுத்தடுத்துப் பாடம் எடுத்த இருவரின் பதிவேடுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. பிள்ளைகள் கை தூக்காமல் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பதில் சொல்கிறார்கள். 'ஆர்வமுள்ள வகுப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். மற்றவர் எழுதியது 'கட்டுப்பாடு இல்லை'. முதலாமவர் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் வளர்ந்தவர். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசினால் திட்டு விழும் வீடு மற்றவருடையது.

ஆசிரியப் பயிற்சிக்கு வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை என்பதை சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இலேயே எழுதினார். பள்ளி முடிக்கும்போது ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார் என்பது அவர் கணக்கு. ஆனால் எந்த ஆசிரியரைப் பிடித்தது, யாருக்குப் பயந்தோம் என்பதை அதற்கு முன்பே வீடு பாதி முடிவு செய்துவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மொழி ஆய்வாளர் ஷெர்லி பிரைஸ் ஹீத்தின் ஆய்வு. அமெரிக்காவின் கரோலைனா பகுதியில் அவர் வீடுகளுக்குள்ளேயே போய்ப் பேச்சைக் கவனித்தார். ஆசிரியர்கள் வீட்டில் தங்கள் பிள்ளைகளிடம் 'இது என்ன நிறம்?' போன்ற, விடை தெரிந்த கேள்விகளையே ஓயாமல் கேட்டார்கள். வகுப்பிலும் அதேதான். அவர்களிடம் படித்த கறுப்பினக் குழந்தைகளின் வீடுகளில் அப்படிக் கேட்கும் வழக்கம் அதிகம் இல்லை; 'இது எதைப் போல இருக்கு?' என்றுதான் கேட்பார்கள். தெரிந்ததை எதற்குக் கேட்கிறார்கள் என்று குழந்தைகள் விழித்தார்கள். குழந்தைகளுக்குப் பழகிய மாதிரிக் கேள்விகளை ஆசிரியர்கள் பாடத்தில் சேர்த்த பிறகு அதே குழந்தைகள் பேசினார்கள்.

வீட்டை வாசலில் விட்டுவிட்டு வகுப்புக்குள் வா என்று பயிற்சியில் சொல்வதை நான் ஏற்பதில்லை. விட முடியாது என்பது ஒரு காரணம்; விட்டால் நஷ்டம் என்பது இன்னொன்று. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குச் சின்ன வயதிலேயே கடிதம் படித்துக் காட்டி, படிவம் நிரப்பிக் கொடுத்து வளர்ந்த சிலர் வந்திருக்கிறார்கள். கடினமான பத்தியை உடைத்துச் சொல்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அது ஒரு திறமை என்று அவர்களுக்கே தெரியாது. தம்பி தங்கைகளை வளர்த்த மூத்த பிள்ளைகளுக்குப் பொறுமை நிறைய உண்டு, கூடவே மாணவர் கையிலிருக்கும் பென்சிலை வாங்கித் தானே எழுதி முடிக்கும் பழக்கமும்.

தெரிந்துகொண்டால் உடனே மாறிவிடாது. கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் காட்டினார். அது மூன்று வினாடியானால் பதில்கள் நீள்கின்றன, கேட்காமலே பேசுபவர்களும் கூடுகிறார்கள். வகுப்பில் இடைவெளியே விடாத அந்தப் பயிற்சி ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். தேர்வில் எழுதும் அளவுக்குப் புரிந்துகொண்டார், வகுப்பில் முடியவில்லை. கடைசியில் கேள்வியைக் கேட்டதும் திரும்பி அதைப் பலகையில் எழுதச் சொன்னேன். கைக்கு வேலை இருந்ததால் வாய் காத்திருந்தது.

மாணவரின் குடும்பச் சூழலைப் பற்றி எங்கள் பயிற்சியில் தனிப் பாடமே இருக்கிறது. ஆசிரியராகப் போகிறவரின் சொந்த வீட்டைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. கேட்டுப் பார்த்திருக்கிறேன், கால அட்டவணையில் இடமில்லை என்கிறார்கள். அதனால் பாடம் முடிந்த பிறகு கிடைக்கும் சில நிமிடங்களில், மதிப்பெண் தாளை மூடி வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.