பெர்லினில் ஒரு கல்லும் இரண்டு இடுப்புகளும்

பெர்லின் பயணம் முடிவானதுமே நான் கேட்டது ஒன்றுதான்: இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எனக்கு ஒரு முழு நாள் வேண்டும். மற்றவர்கள் சுவரைப் பார்க்கக் கிளம்ப, நான் யூ6 மெட்ரோ பிடித்து, அருங்காட்சியகத்தின் பெயரையே தாங்கிய நிலையத்தில் இறங்கினேன். (திங்கட்கிழமை விடுமுறை. போகிறவர்கள் கவனத்தில் வையுங்கள்.)

பெரிய கூடத்துக்குள் நுழைந்தால் ஜிராஃபடைட்டன் என்ற நீள்கழுத்து டைனோசர். 13.27 மீட்டர் உயரம். உலகில் எங்கும் இவ்வளவு உயரமாக ஒரு டைனோசர் எலும்புக்கூட்டை நிறுத்தி வைக்கவில்லை. தலை உள்ளிட்ட சில பகுதிகள் வார்ப்பு. மற்றவை, அன்று ஜெர்மனியின் காலனியாக இருந்த தான்சானியாவில், டெண்டகுரு என்ற இடத்தில் 1909 முதல் 1913 வரை தோண்டி எடுத்த எலும்புகள். அங்கிருந்து லிண்டி துறைமுகம் வரை அவற்றைச் சுமந்து நடந்தவர்கள் நூற்றுக்கணக்கான உள்ளூர்த் தொழிலாளர்கள். விலங்கின் அறிவியல் பெயரிலோ பெர்லின் அருங்காட்சியக இயக்குநர் பிராங்காவின் பெயர்தான் இருக்கிறது. அந்தக் கூடத்தில் நின்ற நேரமெல்லாம் இது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதே கூடத்தில் கென்ட்ரோசாரஸ் என்ற இன்னொரு டைனோசர் நிற்கிறது. முதுகில் தட்டுகள், வால் பக்கம் முட்கள். நான் பார்க்க வந்தது அதன் இடுப்பை. 1887-இல் ஹாரி சீலி என்ற தொல்லுயிரியலாளர் டைனோசர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தது இடுப்பை வைத்துத்தான். பியூபிஸ் என்ற எலும்பு முன்பக்கமாகச் சாய்ந்திருந்தால் பல்லி இடுப்பு. பறவைகளுக்கு இருப்பதுபோல் பின்பக்கம் திரும்பியிருந்தால் பறவை இடுப்பு. ஜிராஃபடைட்டன் முதல் வகை, கென்ட்ரோசாரஸ் இரண்டாம் வகை. ஆனால் கென்ட்ரோசாரஸின் இடுப்பிலிருந்து முன்பக்கமாகவும் ஓர் எலும்பு நீண்டிருந்தது. குழம்பிப்போய் வெகுநேரம் நின்றேன். அப்புறம்தான் பிடிபட்டது: அது பியூபிஸிலிருந்தே முன்னோக்கி வளர்ந்த ஒரு நீட்சி. எலும்பின் மெல்லிய தண்டு பின்னால்தான் போகிறது.

சரி, பறவை இடுப்பு உள்ளவைதானே பறவைகளின் மூதாதையாக இருக்க வேண்டும்? இல்லை. பறவைகள் வந்தது பல்லி இடுப்புக் கூட்டத்திலிருந்து, அதிலும் இரண்டு காலில் நடந்த தெரோபாடுகளிலிருந்து. பியூபிஸ் பின்னால் திரும்பியது இரண்டு கிளைகளிலும் தனித்தனியாக நடந்தது. பெயர் மட்டும் பழசாகவே தங்கிவிட்டது. கூடத்தில் எலாஃப்ரோசாரஸ் என்ற ஒல்லியான தெரோபாடும் இருக்கிறது. அதன் காலைப் பார்த்தாலே நெருப்புக்கோழி நினைவுக்கு வரும்.

அப்புறம் அந்தக் கல். மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடிக்குள், ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் புதைபடிவம். அசல். பவேரியாவின் ஐக்ஷ்டேட் அருகே 1870-களில் கிடைத்தது. கண்டெடுத்த விவசாயி ஒரு மாடு வாங்குவதற்காக அதை விற்றார் என்று சொல்வார்கள். லண்டனுக்குப் போய்விட்ட முந்தைய மாதிரியைப்போல இதுவும் நாட்டைவிட்டுப் போய்விடக் கூடாதென்று, தொழிலதிபர் வெர்னர் சீமென்ஸ் 20,000 மார்க் கொடுத்து இதை வாங்கி வைத்தார். அந்தப் பகுதியின் சுண்ணாம்புக்கல் கல்லச்சுக்குப் பயன்படும் அளவுக்கு நுண்மையானது. அதனால்தான் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் ஒவ்வொரு இறகின் தடமும் தெரிகிறது.

ஒரு காக்கை அளவுதான். சிறகுகள் விரிந்து, கழுத்து பின்னால் வளைந்து கிடக்கிறது. அலகு இருக்க வேண்டிய இடத்தில் பல் வைத்த தாடை. சிறகில் நகங்களுடன் மூன்று விரல்கள். பின்னால் பல்லியைப்போல நீண்ட எலும்பு வால். இறகுகளை மறைத்துவிட்டால் சின்ன டைனோசர்தான். இது என் கற்பனை அல்ல. 1951-இல் கிடைத்த இன்னொரு மாதிரியில் இறகுத் தடம் மங்கலாக இருந்ததால், அதைக் கோம்ப்சோக்னேதஸ் என்ற குட்டி டைனோசராகவே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைத்திருந்தார்கள்.

கோழியின் நெஞ்சில் கவட்டை மாதிரி ஓர் எலும்பு இருக்குமே, இரண்டு காறை எலும்புகள் ஒட்டி உருவானது, அதற்காகவே பறவைக்கும் டைனோசருக்குமான இந்த உறவு பல பத்தாண்டுகள் மறுக்கப்பட்டது. டைனோசர்களுக்குக் காறை எலும்பே கிடையாது, இழந்த உறுப்பு திரும்ப வராது, ஆகவே அவை மூதாதையாக இருக்க முடியாது என்று 1926-இல் கெர்ஹார்ட் ஹைல்மன் எழுதினார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை, தகவலில்தான் பிழை. டி. ரெக்ஸ், வெலாசிராப்டர் உட்படப் பல தெரோபாடுகளில் அந்தக் கவட்டை எலும்பு பிற்பாடு கிடைத்தது. 1964-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் டைனோனிகஸ் என்ற தெரோபாடைக் கண்டெடுத்த ஜான் ஆஸ்ட்ரம், அதன் மணிக்கட்டையும் கையையும் ஆர்க்கியோப்டெரிக்ஸோடு ஒப்பிட்டு வழக்கை மறுபடி திறந்தார். 1996-இல் சீனாவிலிருந்து, உடல் முழுக்கப் பஞ்சுபோன்ற இழைகளோடு சைனோசராப்டெரிக்ஸ் என்ற டைனோசர் வந்தது. ஆனாலும் என்னைப் பொறுத்தவரை இழைகளைவிட மணிக்கட்டே வலுவான சாட்சி. பறவை சிறகை மடக்க உதவும் பிறைவடிவ எலும்பு, பறக்கவே தெரியாத டைனோசரின் கையில் இருக்கிறது.

வெளியே போகும் வழியில் மறுபடி ஜிராஃபடைட்டனின் கீழே நின்றேன். காலையில் உயரத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டுக் குழிகள் கண்ணில் பட்டன. நுரையீரலோடு இணைந்த காற்றுப் பைகள் புகுந்திருந்த இடங்கள் அவை. இன்றைய பறவைகளின் எலும்பிலும் காற்று இப்படித்தான் புகுகிறது. அந்தக் குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கண்ணைத் தலைவரை கொண்டுபோனேன். கழுத்து வலித்தது. மூடும் நேரம் என்று காவலர் வந்து சொன்னபோது இன்னும் பாதிதான் முடிந்திருந்தது.