பெசோ விழுந்தால் வீடு மலிவா?

அர்ஜென்டினா பணமான பெசோ படுத்துவிட்டதே, தலைநகர் புவெனஸ் அய்ரஸில் ஒரு ஃபிளாட் சல்லிசாக வாங்கிப் போடலாமா என்கிறார் நண்பர். அர்ஜென்டினாவில் வீட்டு விலையை டாலரில்தான் சொல்வார்கள் சார். 2023 டிசம்பரில் அரசு ஒரே அடியில் டாலரை சுமார் 366 பெசோவிலிருந்து 800க்கு ஏற்றியது. வீட்டின் டாலர் விலை பாதியாகிவிடவில்லை.

பணமும் பெரும்பாலும் ரொக்கம்தான். பத்திரம் முடிக்கிற அன்று வங்கி அறையில் உட்கார்ந்து நூறு டாலர் கட்டுகளை மெஷினில் விட்டு எண்ணுவார்கள். நூறு டாலர் நோட்டில் இருக்கும் பிராங்க்ளின் தலை சின்னதாக அச்சிட்ட பழைய நோட்டு என்றால் முகம் சுளிப்பார்கள். வாங்கினாலும் கழிவு போட்டுத்தான். (நல்ல நோட்டுதான், அமெரிக்காவில் செல்லும்!) கணக்கில் போட்டு அனுப்பலாமே என்றால், 2001 கடைசியில் வங்கிக் கணக்குகளை முடக்கி, அடுத்த ஆண்டு டாலர் சேமிப்பைக் கட்டாயமாகப் பெசோவாக்கியதை அங்கே யாரும் மறக்கவில்லை.

அப்புறம் வாடகை. 2020 சட்டப்படி ஆண்டுக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம் என்றிருந்தது. 2023இல் மட்டும் விலைவாசி 211 சதவீதம் ஏறியது. வாடகைக்கு விடுவதைவிடப் பூட்டி வைப்பதே மேல் என்று பல உரிமையாளர்கள் இருந்துவிட்டார்கள். அந்தச் சட்டம் இப்போது இல்லை, சரி. ஆனாலும் நண்பரிடம் நான் முதலில் கேட்டது, வாடகை எந்தப் பணத்தில் வரும் என்பதைத்தான். இன்னும் பதில் வரவில்லை.