தீபாவளித் தையலும் இடுப்பு வலியும்

செப்டம்பர் 22, 2025, திங்கள்

வெட்டு மேசைக்கு அடியில் விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தேன். இடுப்பில் சுரீரென்று ஒரு பிடி. நிமிர முடியவில்லை. மேசையைப் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றேன். தீபாவளிக்கு நான்கே வாரம். அலமாரியில் 38 பிளவுஸ் துணி வெட்டாமல் கிடக்கிறது. அத்தை நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஒத்தடம் கொடுத்தார். கொஞ்சம் இதமாக இருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

மூன்று நாளாகப் படுக்கைதான். படுக்கப் படுக்க விறைப்பு கூடுகிறது. வலி இப்போது இடது பிட்டத்தில் தொடங்கி, கால் பெருவிரல்வரை ஓடுகிறது. இருமினால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது. "ஜவ்வு விலகியிருக்கும், இனிமே குனியவே கூடாது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

செப்டம்பர் 27, சனி

ஸ்கேன் எடுத்தாயிற்று. நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் டிஸ்க், அதாவது அக்கா சொன்ன ஜவ்வு, புடைத்திருக்கிறதாம், தேய்மானமும் உண்டாம். தனியார் மருத்துவர் ஒருவர் படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் என்றார். என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரவெல்லாம் தூக்கம் இல்லை. குனிந்து தைப்பதுதானே என் பிழைப்பு.

செப்டம்பர் 30, செவ்வாய்

அரசு மருத்துவமனைக்குப் போனேன். எலும்பு மருத்துவர் ஒரு பெண். ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேள்விகள் கேட்டார். சிறுநீர் அடைக்கிறதா, கட்டுப்பாடில்லாமல் போகிறதா? சைக்கிள் சீட் படுகிற இடம் மரத்திருக்கிறதா? காய்ச்சல், எடை குறைவு உண்டா? இதில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாதாம். சிறுநீர்க் கோளாறோ அந்த மரப்போ என்றால் அன்றைக்கே ஓடிவர வேண்டுமாம்.

அப்புறம் மல்லாந்து படுக்கச் சொல்லி, முட்டி மடங்காமல் இடது காலைத் தூக்கினார். பாதி உயரம் போவதற்குள் வலி தெறித்தது. பெருவிரலை அழுத்திப் பிடித்து, "மேலே தூக்கும்மா" என்றார். குதிகாலில் நாலடி, நுனிக்காலில் நாலடி நடக்கவிட்டார். பலம் குறையவில்லை.

"டிஸ்க்குக்கு நடுவுல கூழ் மாதிரி இருக்கும், சுத்தி நார் வளையம். கூழ் வெளியே தள்ளி நரம்பை உரசுது. பெரும்பாலும் சில மாசத்துல உடம்பே அதைச் சுருக்கிடும்" என்றார். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு டிஸ்க் புடைப்பு தெரியுமாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில நாளுக்கு வலி மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு. தினமும் நடை. பிசியோ, அதாவது உடற்பயிற்சி சிகிச்சை. ஆறு வாரத்துக்கு மேலும் கால் வலி இதே மாதிரி வாட்டினால் ஊசி, ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார். ஆபரேஷன் கால் வலியைச் சீக்கிரம் குறைக்குமாம். ஆனால் ஒன்றிரண்டு வருஷத்தில் செய்துகொண்டவர்களும் செய்துகொள்ளாதவர்களும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிடுகிறார்களாம். பாதம் தூக்க முடியாமல் தொங்கினால் கதை வேறு, உடனே வர வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். உட்காரவில்லை. தெருக்கோடிவரை நடந்து திரும்பினேன்.

அக்டோபர் 6, திங்கள்

பிசியோ தம்பி குப்புறப் படுக்கவைத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார். பத்து முறை செய்வதற்குள் பாதத்தில் இருந்த வலி தொடைக்கு ஏறிவிட்டது. இடுப்பில் கொஞ்சம் கூடியது. பயந்துபோய்ச் சொன்னேன். "நல்லதுக்கா. காலை விட்டு இடுப்புக்கு வலி ஏறினா சரியாகுதுன்னு அர்த்தம். கீழே இறங்கினாத்தான் நிறுத்தணும்" என்றார். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா!

மிஷின் மிதியைக் காலுக்குப் பக்கமாக இழுத்து வைத்தேன். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

அத்தைக்குப் பத்து வருஷ இடுப்பு வலி. பெல்ட் இல்லாமல் வாசல்கூடத் தாண்டமாட்டார். இப்படிப்பட்ட நீண்ட நாள் வலிக்குப் பெல்ட்டும், எடை கட்டி இழுக்கிற சிகிச்சையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே சொல்லியிருக்கிறது. உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது. வாசித்துக் காட்டினேன். பதில் பேசவில்லை.

அக்டோபர் 18, சனி

24 பிளவுஸ் முடிந்தது. மீதி 14-ஐத் தோழியிடம் கொடுத்துவிட்டேன், மனசு இல்லாமல்தான். பிட்டத்தில் மட்டும் லேசாக வலி இருக்கிறது. சாயங்காலம் நடக்கக் கிளம்பும்போது அத்தையும் செருப்பை மாட்டினார். பெல்ட் கொடியில் தொங்கியது. கோயில்வரை போய் வந்தோம்.