எரேமியா 29:11-க்கு முன்னால் இருக்கும் பத்து வசனங்கள்

புத்தாண்டு பிறக்கும் இரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசனமாக எங்காவது ஒரு சபையில் எரேமியா 29:11 கொடுக்கப்படாத ஆண்டே இருக்காது. பூக்களின் படத்தோடு, ஆண்டின் எண்ணைப் பெரிதாகப் போட்டு அச்சிட்ட அட்டையை வரிசையில் நின்று வாங்கிவந்து, காலண்டருக்குப் பக்கத்திலோ நிலைக்கதவுக்கு மேலோ ஒட்டிவைக்கிறோம். “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இந்த வார்த்தை தேவனுடைய வார்த்தை, துக்கத்தில் இருக்கிறவர்களை எத்தனையோ முறை தாங்கியிருக்கிற வார்த்தை. ஆனால் அதை வாசித்துவிட்டுச் சொல்லப்படும் செய்தி, பல சமயங்களில், அதற்கு முந்திய பகுதி எதைக் கண்டித்ததோ அதையே மறுபடியும் பிரசங்கிக்கிறது. கள்ள உபதேசத்தை எப்படிக் கண்டுகொள்வது என்று வேதபாட வகுப்பில் கேட்கிறவர்களிடம் நான் முதலில் திறக்கச் சொல்வது, அதனால்தான், எரேமியாவின் 28, 29 அதிகாரங்களை.

கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து எகொனியா ராஜாவையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக்கொண்டு போயிருந்தான். ஆலயத்தின் பணிமுட்டுகளும் போயிருந்தன. சிதேக்கியா அரசாண்ட நான்காம் வருஷம் ஐந்தாம் மாதத்தில், கிபியோன் ஊரானாகிய அனனியா என்னும் தீர்க்கதரிசி ஆலயத்தில், ஆசாரியர்களும் சகல ஜனங்களும் பார்த்திருக்க, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவரும் என்று அறிவித்தான். அவன் பாகாலின் பெயரால் பேசவில்லை. “இஸ்ரவேலின் தேவனாகிய சேனைகளின் கர்த்தர் சொல்லுகிறார்” என்றுதான் தொடங்கினான். பாபிலோனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் உடைத்தும் போட்டான். மேடையில் நிற்கிறவனுக்குக் கேட்போரைக் கட்டிப்போடும் வல்லமை வேண்டுமென்றால் அது அனனியாவிடம் இருந்தது. எரேமியாவோ, “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்று சொல்லி, சமாதானத்தைச் சொல்லுகிற தீர்க்கதரிசியை அவன் வார்த்தை நிறைவேறும்போதுதான் அறியலாம் என்று மட்டும் நினைப்பூட்டிவிட்டு, தன் வழியே போனான்.

அன்று அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு சாதாரண யூதனின் நிலையை யோசித்துப் பாருங்கள். இரண்டு பேரும் கர்த்தரின் நாமத்தில் பேசுகிறார்கள். ஒருவன் சொல்வது, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் ஏங்கிக்கொண்டிருந்த செய்தி. மற்றவன் சொல்வது யாரும் விரும்பாதது. கர்த்தர் பிறகு எரேமியாவைத் திருப்பி அனுப்பி, மரநுகத்தை உடைத்த இடத்தில் இருப்புநுகம் வரும் என்று சொல்லச் செய்தார். அனனியா அந்த வருஷத்திலேயே ஏழாம் மாதத்தில் இறந்துபோனான். அவன்மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு: இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய்.

இதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் நம் அட்டை வசனம் வருகிறது. சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம் அது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம் பண்ணுங்கள், உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்கவொட்டாதிருங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, பத்தாம் வசனத்தில் அவன் காலத்தையும் குறிக்கிறான்: எழுபது வருஷம். அந்த நிருபத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் எருசலேமை மறுபடியும் பார்க்கமாட்டார்கள் என்பதே இதன் பொருள். பதினோராம் வசனத்தின் ஆறுதல் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்நிய மண்ணில் சாகப்போகிறவர்களிடமும் தேவன், உங்களைக்குறித்து நான் நினைப்பது தீமையல்ல என்றார். இவ்வளவு ஆழமான ஆறுதலை எடுத்து, “இந்த வருஷம் உங்கள் கடன் தீரும், வெளிநாட்டு விசா வரும்” என்று சுருக்கிவிடும்போது, எரேமியாவின் வசனத்தை வாயில் வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைச் சொல்லுகிறோம்.

எனவே, ஒரு செய்தியைக் கேட்கும்போது நான் கவனிப்பது, எத்தனை வசனங்கள் மேற்கோள் காட்டப்பட்டன என்பதை அல்ல, வாசிக்கப்பட்ட வசனம் தன் இடத்தில் நின்று பேச அனுமதிக்கப்பட்டதா என்பதை. இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் வசனம்தான் சொன்னான். தொண்ணூற்றோராம் சங்கீதத்தைச் சொன்னவன், “உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி” என்ற பகுதியை விட்டுவிட்டான். நம் ஆண்டவர் அதற்குப் பதிலாக இன்னொரு வேதவாக்கியத்தை எடுத்துவைத்தார். வேதத்தை வேதமே விளக்குகிறது.

விசுவாசித்தால் பணமும் சுகமும் நிச்சயம் என்று சொல்லும், செழிப்பு உபதேசம் என்று நாம் இன்று அழைப்பது இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் உருப்பெற்றது. இ. டபிள்யூ. கென்யனின் எழுத்துகளிலிருந்து கென்னத் ஹேகின் எடுத்து வளர்த்த “விசுவாச வார்த்தை” போதனையும், கொடுத்தால் பெருகித் திரும்பிவரும் என்று ஓரல் ராபர்ட்ஸ் பரப்பிய “விசுவாச விதை” என்ற காணிக்கைக் கருத்தும் அதில் கலந்திருக்கின்றன. மூன்றாம் யோவானின் இரண்டாம் வசனம் இந்தப் போதனையின் அஸ்திபாரங்களில் ஒன்று: “பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்.” காயுவுக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்தில் யோவான் வைத்த அன்பான விசாரிப்பு இது. நலம், நலமறிய ஆவல் என்று நாம் எழுதிய வரியை ஒருவர் எடுத்துவைத்துக்கொண்டு, எனக்கு நோயே வராது என்று உறுதி கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் எப்படியோ, அப்படியே இதுவும். பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தான். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனங்கள் இருந்தன. எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டான். இவர்களில் ஒருவனையும் விசுவாசம் போதாதவன் என்று அப்போஸ்தலன் குற்றப்படுத்தவில்லை.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருவதை நான் மறைக்க விரும்பவில்லை. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்த ஒரு சகோதரியின் படுக்கையருகே நின்று, வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியர், வீட்டில் யாரோ அவிசுவாசமாகப் பேசியதால்தான் சுகம் தடைபட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு உயிரோடிருந்த நாட்களில் வலியைப் பற்றிக் கேட்டால்கூட “வலி இல்லை” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வலிக்கிறது என்று சொல்வதே பாவமாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. கெத்செமனேயில் இயேசுவே தம்முடைய ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சொன்னதை அவருக்கு யாராவது வாசித்துக் காட்டியிருக்க வேண்டாமா?

ஆப்பிரிக்காவின் இறையியலாளர்கள் உலகளாவிய சுவிசேஷ இயக்கமான லொசான் இயக்கத்தின் சார்பில் 2008-இலும் 2009-இலும் கானா நாட்டின் அக்ரோபோங்கில் கூடி, இந்தப் போதனையைக்குறித்து ஓர் அறிக்கையை வெளியிட்டார்கள். தேவனுடைய வல்லமையையும் அற்புதங்களையும் அவர்கள் மறுக்கவில்லை. மனிதன் கையாளும் உத்திகளுக்குக் கட்டுப்பட்டு அந்த வல்லமை தானாக இயங்கும் என்பதையே மறுத்தார்கள். நம்மூரில் இதைப் பேசும்போதும் அந்த நிதானம் தேவை. சுகத்துக்காக ஜெபிக்கிறவர் எல்லாம் கள்ளப்போதகர் அல்ல. யாக்கோபு அப்படி ஜெபிக்கத்தான் சொல்லியிருக்கிறான்.

பணமும் சுகமும் பேசாத சபைகளில் உபதேசம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவதும் ஆபத்தானது. பவுல் நிருபம் எழுதிய கலாத்தியா சபைகளில் நுழைந்த போதகர்கள் செழிப்பைப் பிரசங்கிக்கவில்லை. கிறிஸ்துவை மறுக்கவும் இல்லை; அவரோடு விருத்தசேதனத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதற்குப் பவுல் எழுதியது, வானத்திலிருந்து வருகிற ஒரு தூதன் வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கித்தாலும் அவன் சபிக்கப்பட்டவனாயிருக்கக்கடவன் என்பது. கொரிந்து சபையின் ஒழுக்கக்கேட்டைக் கண்டிக்கும்போதுகூட ஸ்தோத்திரத்தோடு தொடங்கியவன், கலாத்தியருக்கு அந்த ஸ்தோத்திரத்தையே எழுதாமல் நேராகக் கண்டிப்புக்கு வந்துவிட்டான். பழைய வழிபாட்டு முறைகளை ஒழுங்காகக் காத்துவரும் சபைகளில், “தாவீதைப்போல தைரியமாயிரு, தானியேலைப்போல ஒழுங்காயிரு” என்று வாரந்தோறும் நல்லொழுக்கம் மட்டுமே போதிக்கப்பட்டு, பாவி எப்படி நீதிமானாக்கப்படுகிறான் என்பது சொல்லப்படாமலே போனால், அதுவும் சத்தமில்லாமல் வேறொரு சுவிசேஷத்தை நோக்கிப் போவதுதான் என்று நான் நம்புகிறேன்.

நம்மிடையே பரவியிருக்கும் தலைமுறைச் சாபப் போதனை இந்தச் சேர்க்கையின் இன்னொரு வடிவம். ஞானஸ்நானம் எடுத்து முப்பது வருஷமாக ஆண்டவரைப் பின்பற்றும் குடும்பத்திடம், உங்கள் பாட்டனார் கும்பிட்ட தெய்வங்களின் சாபம் இன்னும் தொடர்கிறது, அதை முறிக்க விசேஷ ஜெபம் வேண்டும், அந்த ஜெபத்தோடு ஒரு காணிக்கையும் வேண்டும் என்கிறார்கள். பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்ற பழமொழியை இனிச் சொல்லக்கூடாது என்று எசேக்கியேல் 18-இல் கர்த்தரே ஆணையிட்டிருக்கிறார். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்கிறது. சிலுவையில் முடிந்ததை முடியவில்லை என்று சொல்லிக் கட்டணம் வாங்குவது, விருத்தசேதனத்தைச் சேர்த்தவர்களின் குற்றத்தைவிடப் பெரிதா சிறிதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்டால், “நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்” என்ற சங்கீதம் 105 எடுத்து நீட்டப்படும். அந்தச் சங்கீதம் பேசுவது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு அந்நிய ஜனங்களுக்குள்ளே அலைந்து திரிந்தபோது தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டதைப் பற்றி. போதகரின் போதனையைச் சோதிக்காதே என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அதற்காக அவர்கள் நற்குணசாலிகள் என்று பாராட்டப்பட்டார்கள். அவர்கள் மனோவாஞ்சையாய் வசனத்தை ஏற்றுக்கொண்டவர்கள் என்பதையும் லூக்கா சேர்த்தே எழுதியிருக்கிறான். குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பாராட்டு பொருந்தாது.

தவறாகப் போதிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே வகையினரும் அல்லர். அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவன், ஆவியில் அனலுள்ளவன். ஆனால் யோவானின் ஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்தில் எழுந்து அவனை மறுத்துப் பேசவில்லை. தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள். அவன் ஏற்றுக்கொண்டான். எங்கள் பகுதியில் இளம் ஊழியர் ஒருவர் “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற பிலிப்பியர் 4:13-ஐ வைத்துத் தேர்வு வெற்றியைப் பற்றிப் பிரசங்கித்தபோது, மறுநாள் மாலை அவரோடு தேநீர் குடித்துக்கொண்டே பதினோராம், பன்னிரண்டாம் வசனங்களைச் சேர்த்து வாசித்தோம். பவுல் குறைவிலும் பட்டினியிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி எழுதிய இடம் அது என்பதை அவரே விரல் வைத்துக் காட்டினார். அடுத்து வந்த கூட்டத்தில் அதையே பிரசங்கமாகவும் செய்தார். ஆனால் அந்தியோகியாவில் பேதுரு, விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது, சுவிசேஷத்தின் சத்தியமே எல்லோர் முன்னாலும் மறைக்கப்பட்டதால், பவுல் எல்லோருக்கும் முன்பாகவே அவனை முகமுகமாய் எதிர்த்தான். எடுத்துச்சொன்ன பிறகும் சாபமுறிவுக்குக் கட்டணம் வாங்குகிறவரை நான் அப்பொல்லோவின் வரிசையில் வைக்க மாட்டேன். அப்படிப்பட்டவரின் கூட்டத்துக்கு நம் சபையின் அறிவிப்புப் பலகையில் இடம் கொடுக்க வேண்டாம் என்று மூப்பர்களிடம் எழுத்துமூலமாகவே கேட்டிருக்கிறேன்.