எதிர்ப்பையும் எழுதித் தரச் சொல்லும் தொழில்

மொரிஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. வருகிற கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டை ஏற்பாடு செய்வது, எரிபொருளும் குடிநீரும் காய்கறியும் ஏற்றிவிடுவது, ஒப்பந்தக் காலம் முடிந்த மாலுமிகளை விமானத்தில் அனுப்பிவைப்பது, பல்வலி என்று முகம் வீங்கி இறங்குகிறவரை மருத்துவரிடம் கூட்டிப்போவது, இவையெல்லாம் எங்கள் பொறுப்பு. இந்தியக் கடற்படைக் கப்பலும் சீன மீன்பிடிக் கப்பலும் ஒரே வாரத்தில் இங்கே வந்து போவதுண்டு. தொலைக்காட்சியில் ஒன்றையொன்று விழுங்கிவிடுவது போல் நிற்கும் நாடுகளின் ஆட்கள், எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் எப்போது வரும், சிம் கார்டு எங்கே கிடைக்கும்.

நாடுகளுக்கு இடையே போட்டியே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல வரவில்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவே உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. நான் சொல்ல வருவது, இத்தனை கூச்சலுக்கு நடுவில் நிதானம் தவறாமல் இருக்க இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு வழியைப் பற்றி.

எங்கள் தொழிலில் எஸ்ஓஎஃப் என்று ஒரு தாள் உண்டு. கப்பல் வந்ததிலிருந்து கிளம்பும்வரை நடந்ததை நேரம் போட்டு எழுதுவது. பைலட் ஏறியது 05.40. முதல் கயிறு கரை சேர்ந்தது 06.25. சரக்கறை மூடி திறந்தது 08.10. மழை, சரக்கு இறக்குவது நிறுத்தம், 10.15 முதல் 11.05 வரை. அவ்வளவுதான். 'பலத்த' மழை என்று எழுதினால் என் மூத்த அதிகாரி அந்தச் சொல்லை அடித்துவிடுவார். அந்த ஐம்பது நிமிடத்துக்கு யார் பணம் கட்டுவது என்று பின்னால் வழக்கு வரலாம். வழக்கில் மழையின் நேரம் உதவும், அடைமொழி உதவாது.

அப்படியானால் கோபத்துக்கு அங்கே இடமே இல்லையா? உண்டு. அதற்குத் தனியாக எதிர்ப்புக் கடிதம் இருக்கிறது. ஒருமுறை எரிபொருள் ஏற்றி முடித்த கப்பலில் தலைமைப் பொறியாளர் கொதித்துக்கொண்டிருந்தார். ரசீதில் 500 டன் என்று இருந்தது. அவருடைய தொட்டிகளில் அளவு நாடாவை இறக்கிப் பார்த்தால் பன்னிரண்டு டன் குறைந்தது. மேசையைத் தட்டினார், எரிபொருள் படகுக்காரரைத் திருடன் என்றார், நாட்டையே திட்டினார். என் அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை அவர் முன் நகர்த்தி, "ஐயா, எழுதிக் கொடுங்கள்" என்றார். அவர் எழுத எழுதக் கடிதம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நின்றது நான்கு வரி: எந்தத் தேதி, எந்தத் தொட்டி, எவ்வளவு குறை, என்ன கேட்கிறேன். படகுக்காரர் அதை வாங்கிக் கையெழுத்திட்டார். ஏற்றுக்கொண்டேன் என்று அல்ல, பெற்றுக்கொண்டேன் என்று மட்டும். அந்தக் கடிதத்தில் கோபம் குறைந்துவிடவில்லை. அதற்கு ஒரு முகவரி கிடைத்தது.

அன்றிலிருந்து எந்தச் செய்தியைப் பார்த்துக் கொதித்தாலும் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோபத்தை நான்கு வரியில் எழுத முடியுமா? யாருக்கு அனுப்புவது, என்ன கேட்பது?

ஊரிலிருந்து என் தாய்மாமா ஒரு படம் அனுப்பினார். போர்ட் லூயிஸில் சீன உளவுக் கப்பல், இந்தியாவைச் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று கீழே எழுதி, நம்பும்படியாகக் கப்பலின் அடையாள எண்ணான ஐஎம்ஓ எண்ணையும் போட்டிருந்தது. ஐஎம்ஓ எண் ஏழு இலக்கம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. அப்படி ஒரு எண் எந்தக் கப்பலுக்கும் இருக்க முடியாது. மாமாவை அழைத்துச் சொன்னேன்.

"எண் தப்பாக இருக்கட்டும் மருமகனே, ஆபத்தும் பொய்யா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆபத்து பொய் என்று நான் சொல்லவில்லை. யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் 2022 ஆகஸ்ட் 16 அன்று இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு வந்தது உண்மை. டெல்லி கவலைப்பட்டதும் உண்மை. அந்தத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதும் உண்மை. அதேபோல மொரிஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவில் இந்தியா கட்டிக்கொடுத்த மூன்று கிலோமீட்டர் ஓடுபாதை 2024 பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டது. அது எதற்காக என்று இங்குள்ளவர்கள் கேட்பதும் உண்மை. மாமாவின் தொலைக்காட்சியில் முதலாவது வரும், இரண்டாவது வராது. எனக்கு வருத்தம் தருவது இதுதான்: மெய்யான ஒரு கவலைக்குப் பொய்யான சான்றைச் சேர்த்தால், பொய் வெளிப்படும் நாளில் கவலையும் சேர்ந்து அடிபடும். அம்பாந்தோட்டையைப் பற்றிப் பேச விரும்புகிறவர்தான் அந்தப் போலி எண்ணை முதலில் கண்டிக்க வேண்டும்.

செங்கடல் விவகாரத்தில் இதன் இன்னொரு பக்கத்தைப் பார்த்தேன். 2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கேலக்ஸி லீடர் கப்பலைக் கைப்பற்றினார்கள். அதிலிருந்த 25 மாலுமிகள் விடுதலையானது 2025 ஜனவரியில்தான். கப்பல்கள் சூயஸைக் கைவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியதும் எங்களுக்கு இங்கே வேலை கூடியது. அந்தச் சமயத்தில் ஊரில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய்க்காரராக இருந்தான். அவனுடைய அம்மா இரவெல்லாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் உலகப் போர் வந்துவிட்டதா என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏவுகணையின் நீளம்வரை அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவருக்குத் தேவையான ஒரே செய்தியை யாரும் சொல்லவில்லை: மாலுமிகள் சங்கங்களும் கப்பல் முதலாளிகள் தரப்பும் செய்துகொண்ட சர்வதேச உடன்பாட்டுக்கு உட்பட்ட கப்பல்களில், அந்தப் பகுதிக்குப் போக மறுக்கும் உரிமை 2024இல் மாலுமிக்கு இருந்தது. மறுத்தால் கம்பெனி செலவில் ஊர் திரும்பலாம். பையனுடைய வேலை ஒப்பந்தத்தில் எந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். இருந்தது. கேப்டனுக்கு எழுதிக் கேட்டான். கப்பலை நன்னம்பிக்கை முனை வழியாகவே கொண்டுபோக உத்தரவு வந்துவிட்டது என்று பதில் வந்தது. அந்த அம்மா அன்று தூங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

செய்தியே வேண்டாம், நம் வேலையைப் பார்ப்போம் என்று ஒதுங்குகிறவர்களும் அலுவலகத்தில் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மொரிஷியஸின் 2024 தேர்தலுக்கு முன், தொலைபேசி ஒட்டுக்கேட்ட பதிவுகள் என்று ஒவ்வொன்றாக வெளியாகி நாடே கொந்தளித்தபோது, அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. எதிர்ப்பு வலுத்ததும் ஓரிரு நாளில் விலக்கிக்கொண்டது. வாயைப் பொத்துவதற்கு நிதானம் என்று பெயர் வைக்க முடியாது. நவம்பர் 10இல் மக்கள் வாக்குச்சாவடிக்குப் போய்த் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். ஆளுங்கட்சிக்கு மொரிஷியஸ் தீவில் ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை.

வாகாஷியோ நாட்களும் நினைவுக்கு வருகின்றன. 2020 ஜூலை 25 அன்று அந்தக் கப்பல் புவாந்த் தெஸ்னி பவளப்பாறையில் ஏறியது. ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசியத் தொடங்கியது. சுமார் ஆயிரம் டன் கடலில் கலந்தது. மாயேபூர் கரையில் மக்கள் கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து, நீளநீளமான தடுப்புகள் செய்து தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். கையெல்லாம் கறுப்பு. ஆகஸ்ட் 29இல் போர்ட் லூயிஸ் தெருக்கள் நிரம்பின. கப்பல் ஏறி நின்ற அந்தப் பன்னிரண்டு நாளும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதே கேள்வி. தேதி இருந்தது, கேள்வி இருந்தது, பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் தெரிந்திருந்தது. அந்தக் கோபத்தைக் கூச்சல் என்று யார் சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன்.

என் மாமனார் 1998 ரூபாய் நோட்டு விவகாரத்தை இன்னும் குரல் நடுங்கச் சொல்வார். இங்குள்ள நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் எழுத்து இருந்துவந்தது. அந்த ஆண்டு வந்த புதிய நோட்டில் தமிழைக் கீழே இறக்கி இந்தியை மேலே வைத்துவிட்டார்கள். வீட்டில் கிரியோல் பேசி, கோயிலில் மட்டும் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, பழைய இடம். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, தமிழ் தன் இடத்துக்கு வந்தது.

இப்போது சாகோஸ் தீவுகளுக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். மொரிஷியஸ் 1968இல் விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டு முன்பே பிரிட்டன் இந்தத் தீவுகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டது. அவற்றில் ஒன்றான தியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக, 1973க்குள் மொத்தத் தீவுக்கூட்டத்திலிருந்தும் குடிமக்கள் அகற்றப்பட்டார்கள். 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம், அந்தப் பிரிப்பு சட்டப்படி நடக்கவில்லை என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரிஷியஸும் ஒப்பந்தம் போட்டன: இறையாண்மை மொரிஷியஸுக்கு, தளம் 99 ஆண்டுக்கு பிரிட்டனிடம்.

மறுநாளே அலுவலகத்தில் மதிய உணவு நேரம் பட்டிமன்றம் ஆகிவிட்டது. தால் பூரி ஆறிக்கொண்டிருந்தது. பிரிட்டன் கொடுக்கப்போவது 340 கோடி பவுண்டு என்றார் ஒருவர், லண்டன் அரசு சொன்னது அது. இல்லை, 3,000 கோடிக்கும் மேல் என்றார் இன்னொருவர், லண்டன் எதிர்க்கட்சி சொன்னது இது. பொய்யன் யார் என்று குரல் உயர்ந்தது. எங்கள் கணக்காளர் கைபேசியைக் கீழே வைக்கச் சொல்லி விளக்கினார். ஆண்டுக்குச் சராசரி 10.1 கோடி பவுண்டு, இன்றைய விலையில். அதை 99 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,000 கோடி. வரும் நூற்றாண்டின் விலைவாசி உயர்வையெல்லாம் அதன்மேல் ஏற்றினால் 3,000 கோடியைத் தாண்டும். எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்தால் 340 கோடிக்கு இறங்கும். ஒரே ஒப்பந்தம்தான், எந்த நாளின் பணத்தில் எண்ணுகிறோம் என்பதுதான் வேறு. பில் போடுகிற எங்களுக்கு அது நன்றாகவே புரியும். கத்துகிற இரண்டு தரப்பும் அதைச் சொல்லாமல் தவிர்ப்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

வாஷிங்டன் அந்த மே மாதத்தில் ஒப்பந்தத்தை வரவேற்றது. 2026 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அதே ஒப்பந்தத்தைப் பெரும் மடமை என்று எழுதினார். நடுவில் ஒப்பந்தத்தின் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது வெளியிலிருந்த சண்டைகள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் இங்கே நாம் ஒருமுறை கொதித்து அடங்கினால், நம் கோபத்தின் சாவியை யார் கையில் கொடுத்திருக்கிறோம்?

எங்கள் பில் பிரிவில், சாகோஸ் மக்கள் வாழும் ரோஷ் புவா பகுதியிலிருந்து வரும் ஒரு பெண்மணி இருக்கிறார். அவருடைய தாய் பிறந்தது சாகோஸின் பெரோஸ் பானியோஸ் தீவில். 2006இல் சாகோஸ் மக்கள் சிலரை ஏற்றிக்கொண்டு ட்ரோஷேத்தியா கப்பல் தீவுகளுக்குப் போனபோது அந்தத் தாயும் போனார். கல்லறைகளை மூடிய செடிகொடிகளை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு, அன்றே கப்பல் ஏறினாராம். அந்த மதியம் விவாதம் ஓய்ந்த பிறகு இந்தப் பெண்மணி கேட்டார்: "பெரோஸ் பானியோஸுக்குக் கப்பல் எந்த மாதம் என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா?"

கப்பல் அலுவலகத்தில் கேட்கப்பட்ட கேள்வி. எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தோம். தியேகோ கார்சியா தவிர்த்த தீவுகளில் மீள்குடியேற்றம் செய்ய மொரிஷியஸுக்கு உரிமை இருக்கிறது. சாகோஸ் மக்களின் நலனுக்கு 4 கோடி பவுண்டு நிதியும் இருக்கிறது. மாதம் இல்லை. தங்களைக் கேட்காமல் செய்த ஒப்பந்தம் இது என்று பிரிட்டனில் வாழும் சாகோஸ் மக்களில் பலர் எதிர்க்கிறார்கள்; கையெழுத்தாகும் நாளன்று இரண்டு பெண்கள் நீதிமன்றம் போய்ச் சில மணி நேரம் தடையும் வாங்கினார்கள். ரோஷ் புவாவில் வரவேற்றவர்கள் உண்டு, அழுதவர்களும் உண்டு. தொலைக்காட்சி விவாதங்களில் சீனா இருந்தது, குண்டுவீச்சு விமானம் இருந்தது. அந்தத் தாய் இல்லை.

அந்தக் கேள்வியை நாங்கள் எழுதினோம். என் அதிகாரி நகர்த்திய அதே வெள்ளைத் தாள், பிரெஞ்சு மொழியில், நான்கு வரி. எந்தத் துறைமுகத்திலிருந்து, எந்த மாதம், பயணச் செலவு யாருடையது, எழுபது வயது தாண்டியவர்களுக்கு எத்தனை அறை. அந்தப் பெண்மணி அதைக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வந்தார். இதுவரை பதில் இல்லை. அடுத்த கடிதத்தில் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தாயிடம் காட்டிவிட்டு அவர் அதைத் திங்கட்கிழமை கொண்டுவருகிறார்.