அப்பாவின் 2,000 ரூபாய் எங்கே நின்றது?

2022 அக்டோபரில், விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகையின் 12ஆவது தவணை ஊரில் பலருக்கும் வந்தது, அப்பாவுக்கு வரவில்லை. 2019இலிருந்து நாலு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் ஏறிக்கொண்டிருந்த கணக்கு. "கேஒய்சி பண்ணலன்னா வராதாம்" என்று டீக்கடையில் யாரோ சொல்ல, அந்த அடையாளச் சரிபார்ப்புக்காக அப்பா மூன்று முறை இ-சேவை மையத்துக்குப் போய் ரேகை வைத்திருக்கிறார். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல். மெஷின் எடுக்கவே இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நான் பி.எம். கிசான் தளத்தில் பார்த்தேன். பதிவு எண்ணைக் கொடுத்தால் மூன்று விஷயம் தெரியும்: இ-கேஒய்சி, நில ஆவண இணைப்பு, வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு. அலைவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். கேஒய்சியை ஓடிபி மூலம் அங்கேயே முடித்தேன். (முகத்தைக் காட்டிச் செய்யும் வசதி 2023இல்தான் செயலியில் வந்தது.) நிலத்துக்கு நேரே 'நோ' என்று இருந்தது.

பட்டா இன்னும் தாத்தா பெயரில். அவர் போனது 2011இல். திட்டம் தொடங்கியபோது, உழுகிறவர் யார் என்று தெரிந்த வி.ஏ.ஓ. அப்பாவைச் சேர்த்துவிட்டார். இப்போது பட்டாவிலேயே பெயர் வேண்டும் என்றார்கள்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வீட்டில் இருந்தன. ஆனால் வாரிசு என்றால் அப்பாவும் சித்தப்பாவும் மட்டுமா? இரண்டு அத்தைகளும் உண்டே. "அவங்க பேர் ஏறினா நாளைக்குப் பங்கு கேப்பாங்க" என்றார் அப்பா. "மொதல்ல பாகம் பிரி, அப்புறம் பட்டா" என்றார் சித்தப்பா. வருஷத்துக்கு 6,000 ரூபாய் விவகாரத்தில் அண்ணனும் தம்பியும் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வந்த பெரிய அத்தைதான் முடித்துவைத்தார்: "ஒன்றரை ஏக்கர்ல எனக்கு எதுக்குடா பங்கு? அப்பா இருந்த எடத்துல என் பேரும் ஒரு ஓரமா இருக்கட்டும்." அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்து உட்பிரிவு கேட்டால் சர்வேயர் வந்து அளக்கவேண்டும். அது வேண்டாமென்று, நான்கு வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றித்தர மனு போட்டோம். ஒரு முறை நிராகரித்தார்கள். ஸ்கேன் செய்த வாரிசுச் சான்றில் இரண்டாம் பக்கம் விட்டுப்போயிருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே மூன்று வாரம்.

புதுச் சிட்டாவோடு வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போனால் அடுத்த கேள்வி: "பட்டா 2023ல மாறியிருக்கே, 2019 பிப்ரவரி 1க்கு முன்னால நிலம் இருந்திருக்கணுமே?" நிலம் வைத்திருந்தவர் இறந்து வாரிசுக்கு வந்திருந்தால் அந்தக் கெடு பொருந்தாது. தாத்தாவின் இறப்புச் சான்றை எடுத்துக் காட்டியதும் வாங்கிக்கொண்டார்கள். எங்கே போனாலும் அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.

ஜூலையில் 'நோ' 'எஸ்' ஆனது. பணம் அனுப்பியதாகவும் தளம் காட்டியது. வழக்கமான பாஸ்புக்கில் ஒரு ரூபாய் இல்லை!

ஆதார் வழியாக வரும் பணம், ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். ஆதார் தளத்தில் பார்த்தபோது அப்பாவுக்கே நினைவில்லாத ஒரு வங்கியின் பெயர் இருந்தது. கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்த முகாமில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்காம். அந்தப் பாஸ்புக்கை ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு அம்மா வைத்திருந்தார். பதிவு போட்டதில் 4,000 ரூபாய் இருந்தது.